சின்னப் பிள்ளைங்களோட சென்னையை சுத்துறது: எங்க வீட்டு அனுபவம்

நாங்க பல்லாவரம். பெரியவனுக்கு ஏழு வயசு, சின்னவளுக்கு நாலு. கார் கிடையாது, லோக்கல் ட்ரெயின், மெட்ரோ, பஸ், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோ, இப்படித்தான் சில வருஷமா லீவு நாள்ல ஊரை சுத்துறோம். இத்தனை சுத்தினதுல நான் உறுதியா சொல்வேன், சின்னப் பிள்ளைங்களுக்கு சென்னை அருமையான ஊரு, பணம் கொட்டி மால் ப்ளே ஏரியாவுக்கு போகணும்னு அவசியமே இல்ல. டிக்கெட் கம்மியா இருக்குற பழைய இடங்களே போதும். ஒரே கண்டிஷன், ஒரு நாளைக்கு ஒரு இடம் தான். ரெண்டாவது இடம்னு ஆசைப்பட்டா சாயங்காலம் ரெண்டும் அழுதுக்கிட்டே தான் வீடு வந்து சேரும்.

முதல்ல போக்குவரத்து, ஏன்னா பிள்ளைங்களுக்கு பாதி சந்தோஷம் அதுல தான் இருக்கு. ட்ரெயின்ல அஞ்சு வயசுக்குள்ள டிக்கெட் இல்ல. அரசு பஸ்லயும் 2022-ல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஃப்ரீ, சாதா கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கும் 2021-ல இருந்து ஃப்ரீ, அதனால நானும் சின்னவளும் மட்டும் கிளம்பினா பஸ் செலவே கிடையாது. இது எவ்வளவு பெரிய விஷயம்னு மாசக் கடைசியில வெளிய கிளம்புற அம்மாங்களுக்கு தெரியும். 2025 ஏப்ரல்ல பீச்–செங்கல்பட்டு லைன்ல ஏசி லோக்கல் விட்டாங்க, டிக்கெட் விலை கூடத்தான், ஆனா கதவு தானா மூடிக்கும், வாசல் பக்கம் பிள்ளை ஓடுமோன்னு கையைப் பிடிச்சுக்கிட்டே நிக்க வேணாம், வெயில் காலத்துல அதுக்கு கொடுக்குற காசு தகும்.

மெட்ரோ 2015-ல ஆரம்பிச்சது, குழந்தைங்களோட போறவங்களுக்கு அதை விட நல்லது எதுவும் வரல. லிஃப்ட் இருக்கு, டாய்லெட் இருக்கு. அண்டர்கிரவுண்ட் ஸ்டேஷன்ல பிளாட்ஃபார்ம் ஓரமா கண்ணாடிக் கதவு இருக்குறதால பயம் இல்ல. சின்னவ அந்த கண்ணாடில ரெண்டு கையையும் வெச்சு, மூக்கை ஒட்டி, இருட்டுக்குள்ள வெளிச்சம் வருதான்னு பாத்துக்கிட்டே நிப்பா, ட்ரெயின் வந்து கதவு திறந்ததும் உள்ள போக மாட்டா, "இன்னொண்ணு வரட்டும்மா"ன்னு சொல்லுவா. விட்டுட்டு அடுத்ததுல தான் போவோம். அவசரம் இல்லாத நாள்ல தான் பிள்ளைங்களோட கிளம்பணும்.

ஸ்ட்ரோலர் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. பாண்டி பஜார்ல நடைபாதை அகலமா போட்ட பிறகு அங்க தள்ளலாம், மெட்ரோக்குள்ள தள்ளலாம், மத்தபடி நம்ம ஊரு பிளாட்பாரத்துல டிரான்ஸ்ஃபார்மர், தள்ளுவண்டி, நிறுத்தி வெச்ச பைக்குனு பத்தடிக்கு ஒரு தடவை இறக்கி ஏத்தணும். எங்களோடது பரண்ல கிடக்கு. ரெண்டு வயசு வரைக்கும் முன்னாடி கட்டிக்கிற கேரியர், அதுக்கப்புறம் இடுப்பு தான்.

இடம்னா எனக்கு முதல்ல கிண்டி தான். தேசிய பூங்காவே ஊருக்கு நடுவுல, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு, அதோட ஒரு ஓரம் சிறுவர் பூங்கா. 2024-ல புதுப்பிச்சு திறந்தாங்க, இப்ப நல்லா இருக்கு. பக்கத்துலயே பாம்புப் பண்ணை, பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1972-ல ஆரம்பிச்சது. பெரியவன் ஒரு சாரைப்பாம்பு சட்டை உரிக்குறதை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குத்த வெச்சு உக்காந்து பாத்தான், தலைப் பக்கம் பளபளன்னு புதுத் தோல், பின்னாடி பழசு சாம்பல் கலர்ல சுருங்கி நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு, முழுசா கழண்டு விழுற வரைக்கும் அவன் எழுந்திரிக்கல. வேற எதையும் அன்னைக்கு பாக்கல, பரவாயில்ல. ரெண்டு இடத்துக்கும் செவ்வாய்க்கிழமை லீவு. வண்டலூர் ஜூவுக்கும் செவ்வாய் தான் லீவு. எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை இருக்காது. இந்த நாலையும் ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டி வெச்சுடுங்க, பூட்டின கேட் முன்னாடி பிள்ளையை சமாதானம் பண்றது கொடுமை.

எழும்பூர் மியூசியம் 1851-ல இருந்து இருக்கு. முழுசா பாக்கணும்னு நினைக்காதீங்க, நேரா திமிங்கல எலும்புக்கூட்டுக்கு போங்க, அண்ணாந்து பாத்துட்டு, குழந்தைங்களுக்குனு தனியா இருக்குற பில்டிங், அப்புறம் வெளியில மர நிழல்ல தயிர் சாதம், கிளம்பிடுங்க. வண்டலூர் எனக்கு நாலாவது சாய்ஸ் தான். 602 ஹெக்டேர், சின்னக் கால் தாங்காது, பேட்டரி வண்டி கிடைச்சா போங்க.

மழை நாள், கத்திரி வெயில், ரெண்டுக்கும் ஒரே பதில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல திறந்தது. முதல் மாடி முழுக்க குழந்தைங்களுக்கு, நடுவுல ஒரு பெரிய செயற்கை மரம், கீழ உக்காந்து படிக்கலாம், ஏசி இருக்கு, யாரும் எழுந்திரினு சொல்ல மாட்டாங்க. எங்க அத்தை முதல்ல "வெயில்ல புள்ளைங்கள கூட்டிட்டு எங்கடி கிளம்பிட்ட"ன்னு தான் கேட்டாங்க, ஒரு தடவை கூட வந்து பாத்துட்டு இப்ப அவங்களே எப்ப போறோம்னு கேக்குறாங்க. அதே ரோட்டுல பிர்லா கோளரங்கம், அதை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கோங்க. இருட்டு பயம்னா அஞ்சு வயசு ஆகட்டும்.

பீச்சுன்னா மெரினா வேணாம், ரோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் மணல்ல நடக்குறதுக்குள்ள தூக்க சொல்லிடும். பெசன்ட் நகர் தான் சரி, சாயங்காலம் நாலரைக்கு மேல. எங்கயா இருந்தாலும் கால் நனைக்குறதோட நிறுத்திக்கோங்க, நம்ம கடல் உள்ள இழுக்குற கடல், இதுல நான் எவ்வளவு கண்டிப்பா இருந்தாலும் தப்பில்ல. காணும் பொங்கல் அன்னைக்கு மெரினாவுல போலீஸ், பிள்ளைங்க கையில போன் நம்பர் எழுதின பேண்ட் கட்டி விடுவாங்க, அந்தப் பழக்கத்தை நாங்க எல்லா நாளும் வெச்சிருக்கோம், ரெண்டு மணிக்கட்டுலயும் பேனாவால நம்பர் எழுதிட்டு தான் வீட்டு வாசப்படி தாண்டுவோம்.

கஷ்டம்னா டாய்லெட் தான். பார்க், பீச் பக்கம் எல்லாம் நம்பி போக முடியாது. ஒரு ஸ்டேஷன்ல லிஃப்ட் ஓடாம தூங்குற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு மூணு மாடி ஏறியிருக்கேன், யார் கிட்ட சொல்றதுன்னு தெரியல, கோபம் இன்னும் இருக்கு. பஸ் ஸ்டாண்டுங்கள்ல 2015-ல தாய்மார் பாலூட்டும் அறை கொண்டு வந்தாங்க, எவ்வளவு நல்ல திட்டம், அதே மாதிரி பிள்ளைங்க உயரத்துக்கு ஒரு சின்ன டாய்லெட் பார்க்குக்கு பார்க் வெச்சா நூறு புண்ணியம்.

அடுத்து ஈசிஆர் முதலைப் பண்ணை போகணும்னு பெரியவன் ஒத்தக் கால்ல நிக்குறான். பாம்புப் பண்ணை ஆரம்பிச்ச அதே விட்டேக்கர் 1976-ல ஆரம்பிச்ச இடம்னு சொன்னதுல இருந்து விட மாட்டேங்குறான். அங்க திங்கக்கிழமை லீவு, திருவான்மியூர்ல இருந்து மாமல்லபுரம் பஸ் பிடிக்கணும், டிசம்பர் மழை விட்டதும் காலையில சீக்கிரமா கிளம்புறதா இருக்கோம்.