பெர்ஸி ஸ்லெட்ஜா, மைக்கேல் போல்டனா?

'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' என்ற ஒரே பாட்டு, 25 வருட இடைவெளியில் இரண்டு குரல்களில் அமெரிக்காவின் பிரபல பாடல் வரிசையான பில்போர்ட் ஹாட் 100 பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. எதைக் கேட்பது?

1966-இல் பாடிய பெர்ஸி ஸ்லெட்ஜ், அலபாமாவில் மருத்துவமனை ஊழியராக இருந்தவர். பதிவானதும் அங்கேதான், ஷெஃபீல்டு என்ற சிற்றூரில். ஸ்பூனர் ஓல்ட்ஹாமின் ஆர்கன் மெல்லப் படிப்படியாக இறங்கிவர, முதல் வரியிலேயே ஸ்லெட்ஜ் எடுத்த எடுப்பில் மேல்ஸ்தாயிக்குப் போய்விடுவார். முடிவில் வரும் ஊதுகருவிகளைக் கவனியுங்கள், லேசாகச் சுருதி விலகியிருக்கும். எனக்கு அந்தப் பிசிறுதான் பிடிக்கும்! இரண்டு வாரம் முதலிடம்; இதை வெளியிட்ட அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்பனைக்காகக் கிடைத்த முதல் கோல்ட் சான்றிதழும் இதற்குத்தான். பிரிட்டனில் அப்போது 4-ஆம் இடம். அப்புறம் 1987-இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் வந்ததும் 2-ஆம் இடத்துக்கே ஏறியது.

போல்டனின் 1991 பதிவுக்கு ஒரு வாரம் முதலிடமும், அப்புறம் ஒரு கிராமியும் கிடைத்தன. ஒலி துல்லியம், குரலில் பலம். ஆனால் ஸ்லெட்ஜ் கெஞ்சும் இடத்தில் இவர் முழங்குகிறார். 90-களின் பாப் பிடித்தவர்களுக்கு இது சரி. ஒன்றுதான் கேட்க நேரம் என்றால், யோசிக்காமல் ஸ்லெட்ஜைப் போடுங்கள்.