திருகோணமலை ஸ்டேஷன் பார்சல்: எங்கட முறுக்கு உடையாமப் போய்ச் சேருது

நாங்க உப்புவெளியில வீட்டோட முறுக்கும் ரஸ்க்கும் செய்து கொழும்புக்கு அனுப்புறனாங்க. முதல் ஒரு லொறிக்காரரிட்டத்தான் குடுத்தது, பேர் வேணாம், பெட்டிக்கு மேல சீமெந்து மூட்டைய ஏத்தி முறுக்கு முழுக்கத் தூள், வெள்ளவத்தைக் கடைக்காரர் படம் எடுத்து அனுப்பினவர், அண்டைக்கு அம்மா சாப்பிடவே இல்ல. பிறகு 2022ல டீசலும் இல்லாமப் போக லொறியே வராது எண்ட நிலைமை, அப்பதான் கோச்சியில, அதுதான் ரயில்ல, போட்டுப் பாப்பம் எண்டு ஸ்டேஷனுக்குப் போனது, இண்டை வரைக்கும் அதிலதான் போடுறம்.

பின்னேரம் கொண்டு போனா நிறுத்து, பெட்டியில நம்பர் எழுதி, துண்டு தருவாங்க. இரவு மெயில் ரயில்ல ஏறினா விடியக்காலம அண்ணா கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல எடுத்திடுவார். கல்லோயாப் பக்கம் யானை கடக்கிற இடம், மெதுவாத்தான் ஓட்டுவாங்க, சிலநாள் பிந்தும், அது பரவாயில்ல. பிஸ்கட் டின்னுக்குள்ள பேப்பர் விரிச்சு நெருக்கமா அடுக்குங்க, இடைவெளி விட்டாத்தான் உடையும்.

நான் கொப்பியில எழுதி வைக்கிறனான், சாதாரண மாதம் 5 பெட்டி, தீபாவளிக்கு 14. நாங்க கூடப் பொரிச்சா ரயிலுக்குக் கூலி கூட, மழைக்குத் தண்டவாளத்தில வெள்ளம் ஏறி கோச்சி நிண்டா நாங்க மா அவிக்கிறதே இல்ல. பெரிய அளவிலயும் இதே கதைதான். எங்கட மாவே இங்க திருகோணமலைச் சீனக்குடாவில அரைச்சதுதானே, பிரிமா ஆலை 1980ல இருந்து அங்க ஓடுது, இலங்கையில கோதுமை விளையிறேல்ல, கப்பல்ல வந்து இறங்கி மாவாகி ரயில் வாகன்ல ஏறித் தெற்கால போகுது. ரயிலுக்கு அதிகக் காசு வாறது ஆக்களின்ர டிக்கட்டிலதான், ஆனா சாமான் கூலி எண்டு பாத்தா எண்ணெய், சீமெந்து, மா இதுகள்தான் பெரிசு, அரைப்புக் குறைஞ்சா அந்த வாகனும் சும்மா நிக்கும். கந்தளாய்ச் சீனி ஆலை மூடிக் கிடக்கிறதை நினைச்சா எனக்கு உண்மையா மனம் வலிக்கும், அதுக்குப் பக்கத்தாலதான் இந்தத் தண்டவாளம் போகுது, ஒரு மூட்டை சீனி ஏத்த இல்ல.

1927ல போட்ட பாதை இது, இன்னும் எங்கட சின்னத் தொழிலைத் தாங்குது. பண்டிகை நேரத்தில மட்டும் பார்சலுக்கு இன்னொரு ரயில் பெட்டி கூடப் பூட்டினா நல்லம், இடம் நிறைஞ்சிடும், அதால தீபாவளிக்கு அனுப்புறவங்க ரெண்டு நாள் முந்தியே கொண்டு போய்க் குடுத்திடுங்க.