கூகுள் ஃபார்ம்ஸா, கோபோவா? மலை ஊர்க் கணக்கெடுப்புக்கு எது உதவியது

எங்கள் அறக்கட்டளை சவ்வாது மலையில் பதினான்கு ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறது. ஒவ்வொரு ஜூனிலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். யார் பள்ளிக்குப் போகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள், எந்த வகுப்போடு நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதுதான் கேள்வி. மூன்று வருடம் காகிதத்தில் எடுத்தோம். அடுத்த வருடம் கூகுள் ஃபார்ம்ஸ். கடைசி இரண்டு வருடமாகக் கோபோ டூல்பாக்ஸ், களத்தில் போனிலேயே கணக்கெடுப்பதற்கான கருவி. நான் கோபோ பக்கம்தான். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் வேறு, மற்றவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் வேறு.

வழக்கமாகச் சொல்வது சிக்னல். கூகுள் ஃபார்மை அனுப்ப இணையம் வேண்டும். மலையில் பாதி வீடுகளுக்கு அது எட்டாது. கோபோவின் ஆண்ட்ராய்டு செயலியில் படிவத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், நாள் முழுக்க இணையம் இல்லாமல் நிரப்பலாம், சாயங்காலம் டவர் கிடைக்கும் இடத்தில் மொத்தமாக அனுப்பலாம். உங்கள் களத்தில் சிக்னல் இல்லையென்றால் முடிவு இங்கேயே வந்துவிடும். சிக்னல் இருக்கும் ஊர்களிலும் நான் ஏன் கோபோவையே எடுக்கிறேன் என்பதுதான் மீதிக் கதை.

கூகுள் ஃபார்ம்ஸின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு படிவம் செய்துவிடலாம். யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதில்கள் வர வர கூகுள் ஷீட்டில் வரிசையாக விழும், அலுவலகத்தில் எல்லோருக்கும் பழக்கமான ஷீட். தன்னார்வலர் சேர்க்கை, பயிற்சி வகுப்புப் பதிவு, கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்பதற்கெல்லாம் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். படிவத்தைச் செய்கிறவரும் நிரப்புகிறவரும் படித்தவர்கள், கேள்வி பத்துக்குள், ஒருவருக்கு ஒரு பதில் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

வீட்டுக் கணக்கெடுப்பு அப்படியல்ல. ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருக்கும், இன்னொரு வீட்டில் ஒன்றுமே இருக்காது. கூகுள் ஃபார்ம்ஸில் ஒரே கேள்விக் கூட்டத்தைப் பிள்ளைக்குப் பிள்ளை திரும்பக் கேட்க வழியில்லை. அதனால் முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று ஆறு பிள்ளைகளுக்கு ஏழேழு கேள்வி வைத்தோம், ஷீட்டில் நாற்பத்திரண்டு பத்திகள் (காலம்கள்). கூட்டுக் குடும்பத்தில் ஏழாவது பிள்ளை வந்தபோது தன்னார்வலர் என்ன செய்வார்? இன்னொரு படிவம் திறந்து அதே வீட்டை மறுபடி நிரப்பினார். ஷீட்டில் அது இரண்டு குடும்பமாக ஏறியது. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னது எங்கள் தவறு. ஒரே ஊர் தமிழில் நான்கு விதமாகவும் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாகவும் வந்தது. பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஊரின் குக்கிராமங்கள் மட்டும் தெரிய வேண்டுமென்றால், ஊருக்கு ஒரு பிரிவாகப் பதினான்கு பிரிவு போட வேண்டும், ஷீட்டில் குக்கிராமத்துக்கு மட்டும் பதினான்கு பத்தி விழும்.

கணக்கெடுப்பு பத்து நாளில் முடிந்தது. அதைச் சுத்தம் செய்ய மூன்று வாரம் ஆனது. மென்பொருளை ஒப்பிடுகிற யாரும் இந்த மூன்று வாரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான். சிறிய அமைப்பில் அந்த வேலையைச் செய்வது தனியாக ஒரு தரவுப் பிரிவு அல்ல. மையங்களுக்குப் புத்தகம் அனுப்புகிற, பெற்றோர் கூட்டம் வைக்கிற அதே ஆள்தான். அவர் மூன்று வாரம் ஷீட்டின் முன்னால் உட்கார்ந்தால், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் வீட்டுக்கு யாரும் போவதில்லை. ஜூன் போனால் மறுபடி சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கோபோவில் பிள்ளைகள் பகுதி ஒரு தொகுப்பு. வேண்டிய தடவை திறந்துகொள்ளலாம். ஊரைத் தொட்டால் அதன் குக்கிராமங்கள் மட்டும் வரும். எனக்கு மிகவும் பயன்பட்டது, ஒரு பதிலை இன்னொரு பதிலோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி. கூகுள் ஃபார்ம்ஸில் வயது ஐந்திலிருந்து பதினெட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வைக்கலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு என்று பதிந்தால் அது தடுக்காது, இரண்டுமே தனித்தனியாகச் சரியான பதில்கள். கோபோவில் இரண்டையும் சேர்த்து நிபந்தனை எழுதலாம். தன்னார்வலர் அந்த வீட்டு வாசலில் நிற்கும்போதே திரையில் தமிழில் செய்தி வரும். அம்மாவிடம் திரும்பக் கேட்டு அரை நிமிடத்தில் திருத்திவிடுவார். அதே பிழை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால், தவறியது வயதா வகுப்பா என்று நமக்குத் தெரியாது. தன்னார்வலருக்குப் போன் போட வேண்டும், அவர் மறுபடி நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

இதிலும் ஒரு பாடம் கற்றோம். முதல் வருடம் நிபந்தனையைக் கறாராக வைத்திருந்தோம். பொருந்தாவிட்டால் அடுத்த கேள்விக்கு விடாது. பெற்றோரோடு வேலைக்குக் கீழே இறங்கிப் போய், சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, பதிமூன்று வயதில் நான்காம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். செயலி அவனை ஏற்கவில்லை. தன்னார்வலர் வேறு வழியின்றி வயதை ஒன்பது என்று மாற்றிப் பதிந்துவிட்டார். நாங்கள் யாரைத் தேடிப் போனோமோ அந்தப் பையனையே படிவம் மறைத்துவிட்டது. இப்போது தடுப்பதில்லை. பொருந்தாத விடை வந்தால், ‘இது சரிதானா?’ என்று கூடுதலாக ஒரு கேள்வி மட்டும் தோன்றும். ‘சரிதான்’ என்று குறித்த பதிவுகளைத்தான் நான் முதலில் திறந்து படிக்கிறேன்.

அடுத்தது கைமாற்றம். நம் அமைப்புகளில் கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் வருவார், எல்லாம் அமைத்துக் கொடுப்பார், வேலை கிடைத்துப் போய்விடுவார். கோபோ படிவத்தை இணையப் பக்கத்திலேயே உருவாக்கலாம், எக்செல் கோப்பாகவும் எழுதலாம். எக்செல்லில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தாளில் கேள்விகள், இன்னொரு தாளில் விடைப் பட்டியல்கள், வரிக்கு ஒரு கேள்வி. அடுத்து வருகிறவர் மேலிருந்து கீழாகப் படித்தாலே என்ன நடக்கிறது என்று புரியும். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே ஒரு குறிப்புப் பெயர் இருக்கும், வெளியே தெரியும் வாசகம் இருக்கும். வாசகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். குறிப்புப் பெயரைத் தொடவே கூடாது. தொட்டால் பழைய பதில்கள் ஒரு பத்தியிலும் புதியவை இன்னொரு பத்தியிலும் பிரிந்து நிற்கும்.

கோபோவின் குறைகளையும் சொல்ல வேண்டும். தன்னார்வலர்களுக்கு ஒன்றரை நாள் பயிற்சி தேவைப்பட்டது, அதில் பாதி நேரம் சர்வர் முகவரியைச் செயலியில் பதிவதற்கே போனது. தரவை இறக்கினால் குடும்பங்கள் ஒரு தாளிலும் பிள்ளைகள் இன்னொரு தாளிலும் வரும். இரண்டையும் எண் வைத்து இணைக்க அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். படிவத்தை நடுவில் திருத்தினால், பழைய படிவத்தையே போனில் வைத்திருப்பவர் அதையே நிரப்பிக்கொண்டிருப்பார். அனுப்பாத பதிவுகள் போனில் மட்டும்தான் இருக்கும். செயலியை நீக்கினாலோ போன் தொலைந்தாலோ அவையும் போயிற்று. அதனால் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒவ்வொருவரும் ‘அனுப்பாதது எத்தனை’ என்று குழுவில் எண்ணைப் போட வேண்டும். பூஜ்யம் வரும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஐபோன் வைத்திருப்பவர் உலாவியில்தான் நிரப்ப வேண்டும். எங்களில் ஒருவர் மட்டும் அப்படிச் செய்தார், சிக்கல் வரவில்லை. ஒருவரை வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன்.

செலவு எங்களுக்கு இல்லை. கோபோவின் இலவசக் கணக்கு மாதம் 5,000 பதிவுகள் வரை ஏற்கும், எங்களுக்கு அது தாராளம். புகைப்படத்துக்கான இடம் 1 ஜிபிதான், அதனால் படம் எடுக்கும் கேள்விகளை நீக்கிவிட்டோம். ஹார்வர்டின் மனிதநேய ஆய்வுப் பிரிவில் தொடங்கிய இந்தக் கருவி இப்போது தனி லாபநோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. இதன் அடித்தளமான ஓடிகே, 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஓடிகேயை நம் சொந்த சர்வரிலேயே நிறுவலாம். நான் ஒரு வாரம் சோதித்துப் பார்த்ததோடு சரி. சர்வரைப் புதுப்பித்துப் பராமரிக்க நிரந்தரமாக ஓர் ஆள் இல்லாத இடத்தில் அதை எடுக்க எனக்குத் துணிவில்லை. நூறு பேர் களத்தில் இருக்கும் பெரிய கணக்கெடுப்புகளில் கோபோ எப்படித் தாங்கும் என்பதற்கும் என் அனுபவம் போதாது. நாங்கள் பதினோரு பேர்.

பிள்ளைகளின் விவரம் என்பதால் இன்னொன்று. 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தையாகவே கொள்கிறது, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எந்தக் கருவி எடுத்தாலும் இது பொருந்தும். எங்கள் படிவத்தில் முதல் கேள்வி ஒப்புதல்தான், ‘இல்லை’ என்றால் படிவம் அங்கேயே முடிந்துவிடும். கூகுள் ஷீட்டில் நான் அஞ்சுவது இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அந்த ஒரு பகிர்வுத் தேர்வு. அவசரத்தில் யாராவது அதை அழுத்தினால், இருநூறு பிள்ளைகளின் பெயரும் ஊரும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். கோபோவிலும் பகிரலாம்தான். நாங்கள் தரவைப் பார்க்கும் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம், தன்னார்வலர்களால் அனுப்ப மட்டும்தான் முடியும்.

காகிதத்தை முழுதாக விடவில்லை. ஒவ்வொருவர் பையிலும் அச்சடித்த படிவம் பத்து இருக்கும், பேட்டரி தீர்ந்தால் அதுதான் கை கொடுக்கும்.

போன ஜூனில் சுத்தம் செய்யும் வேலை நான்கு நாளில் முடிந்தது. ஐந்தாம் நாள் காலை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து மையப் பொறுப்பாளர்களிடம் கொடுத்தோம். அன்று சாயங்காலமே மூன்று வீடுகளுக்குப் போய்வந்தார்கள்.