எந்த உளவுக்காரப் பிள்ளையை வீட்டுக்குள் விடலாம்?

டிசம்பர் விடுமுறைக்கு அக்கா தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்திருந்தாள். பெரியவனுக்கு 13, சின்னவளுக்கு 9. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் அந்த மாதத்து வானத்தை நம்பி எதுவும் செய்ய முடியாது. காலையில் பனி மூடிக் கிடக்கும், பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்க்கும், ரெண்டு மணிக்கு மழை வந்துவிடும். டவுனுக்குக் கூட்டிப் போகலாம் என்றால் சிவனொளிபாதமலைக்குப் போகிற சனம். அதனால் பின்னேரமானால் படம் என்று ஆகிவிட்டது.

பெரியவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "ஸ்பை படம் வேணும் மாமா. ஆனா கோட்டு சூட்டு போட்ட பெரிய ஆளுக வேணாம். என் வயசுப் பையனா இருக்கணும்."

என் பக்கம் வேறு நிபந்தனைகள் இருந்தன. டிவி இருப்பது ஒரே அறையில். அம்மாயி, தாத்தா, அக்கா, பிள்ளைகள், நான் எல்லோரும் அங்கேதான் குந்த வேண்டும். இங்கிலிஷ் ஓடுவது எனக்கும் பெரியவனுக்கும் மட்டும். இரவு எட்டு மணிக்கு டிவி அம்மாயியின் சீரியலுக்குப் போய்விடும், அதில் பேச்சுவார்த்தை கிடையாது. இதையெல்லாம் கணக்குப் போட்டு மூன்று படங்களை எடுத்தேன்: 2001இல் வந்த ‘ஸ்பை கிட்ஸ்’, 2003இல் வந்த ‘ஏஜென்ட் கோடி பேங்க்ஸ்’, 2006இல் வந்த ‘ஸ்டோர்ம்பிரேக்கர்’. மூன்றுமே அமெரிக்காவில் ‘பீஜி’ முத்திரை வாங்கியவை, அதாவது பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் பார்க்கலாம் என்ற வகை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இருக்க இடமே கிடையாது.

மூன்றுக்கும் அடிக்கட்டை ஒன்றுதான். ஒரு பிள்ளை, ஒரு ரகசியம், கொஞ்சம் விசித்திர சாமான், பணக்கார வில்லன். படத்துக்குப் படம் மாறுவது அப்பா அம்மா எங்கே நிற்கிறார்கள் என்பது. ஸ்பை கிட்ஸில் அப்பா அம்மாதான் உளவாளிகள், பிள்ளைகளுக்கு அது தெரியாது. கோடி பேங்க்ஸில் பையன் உளவாளி, அப்பா அம்மாவுக்குத் தெரியாது. ஸ்டோர்ம்பிரேக்கரில் அப்பா அம்மாவே இல்லை. குடும்பத்தோடு பார்ப்பதற்கு எது சரி என்பது இதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்று மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது.

முதல் நாள் ஸ்பை கிட்ஸ் போட்டோம். ரொபர்ட் ரொட்ரிகஸ் எடுத்தது. அன்டோனியோ பன்டேராஸும் கார்லா குஜினோவும் பழைய உளவாளிகள். ஒருவரை ஒருவர் கொல்ல அனுப்பப்பட்டவர்கள் காதலித்துக் கல்யாணம் கட்டி, வேலையை விட்டுவிட்டுக் கார்மென், ஜூனி என்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார்கள். இந்தக் கதையை அம்மாவே தூங்கப்போகும் பிள்ளைகளுக்குக் கற்பனைக் கதை மாதிரிச் சொல்கிறாள். பிறகு பெரியவர்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொள்ள, மீட்கப் போவது பிள்ளைகள்.

இங்கே மொழிபெயர்ப்பு வேலை எனக்கு அநேகமாக இல்லை. பெருவிரல்களையே உடம்பாகக் கொண்ட அடியாட்கள் தள்ளாடி வந்து விழுவதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சின்னவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவில் இருந்து, "என்னடி அங்க?" என்று குரல் வந்தது. மறைவிடத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தவுடன் பேர்கரும் உருளைக்கிழங்குப் பொரியலும் சுடச்சுட வெளியே வருகிற காட்சியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்கா அடுப்பை விட்டு எழும்பி வந்து பார்த்தாள். "அத மட்டும் வாங்கித் தா, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அந்த மறைவிடத்தின் கதவு திறப்பது எப்படித் தெரியுமா? கார்மென் தன் முழுப் பெயரையும் சொல்ல வேண்டும். அது ஒரு முழ நீளத்துக்குப் போகிறது. பெரியவனுக்கு இது பிடித்துவிட்டது. அவன் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து மாறிப்போய், அதைத் திருத்த அக்கா எத்தனை தடவை எந்தெந்தப் படி ஏறினாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். "என் பேரச் சொன்னா கதவு தெறக்காது, மாமா. சர்ட்டிபிகட்டுல ஒண்ணு, இஸ்கூல்ல ஒண்ணு."

படத்தின் பலம் சாமான்களில் இல்லை. அக்கா தம்பி சண்டையில் இருக்கிறது. ஜூனியின் கையெல்லாம் பாலுண்ணி, பயந்த சுபாவம், கூட்டாளி கிடையாது. அக்காக்காரி அவனைக் குத்திக் காட்டிக்கொண்டே கூட்டிப் போகிறாள். அப்பாவும் தன் கூடப்பிறந்தவனோடு கோபம். டேனி ட்ரெஹோ நடித்த அந்தப் பெரியப்பா முகத்தைப் பார்த்தாலே பயம் வரும், ஆனால் கடைசியில் அண்ணன் தம்பி சேர்ந்துகொள்கிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு ஒரு சோடியாவது உண்டு. தாத்தா அந்த இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார்.

குறையும் இருக்கிறது. கிராபிக்ஸ் இன்றைய கண்ணுக்குக் கார்ட்டூன் மாதிரித் தெரிகிறது. வில்லனைப் பார்த்து எந்தப் பிள்ளையும் பயப்படாது. 13 வயதுக்காரன் நடுவில் இரண்டு தடவை போனை நோண்டினான். சுமார் 35 மில்லியன் டொலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 147 மில்லியன் அளவில் சம்பாதித்ததால் பாகம் பாகமாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது சிவப்பு நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியது. நான் சின்ன வயதில் டொபிக் கடதாசியை அட்டையில் ஒட்டிப் பார்த்தேன், தலைவலிதான் மிச்சம். 2023இல் புதுக் குடும்பத்தை வைத்து நெட்பிளிக்ஸில் வந்ததைப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் நாள் கோடி பேங்க்ஸ். இதில் ஏமாந்தது நான்தான், ஏனென்றால் சின்ன வயதில் எனக்குப் பிடித்த படம். பிரான்கி முனிஸ் நடித்த 15 வயதுப் பையன் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் இரகசியக் கோடைக்கால முகாமில் பயிற்சி எடுத்தவன். சறுக்குப் பலகையில் பாய்ந்து, உருண்டு ஓடும் காரில் மாட்டிய குழந்தையைக் காப்பாற்றுகிற ஆரம்பக் காட்சி இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் அவனுக்குக் கொடுக்கும் வேலை என்ன? ஹிலரி டஃப் நடித்த நட்டலியோடு சிநேகிதமாகி, அவள் அப்பாவான விஞ்ஞானியை நெருங்க வேண்டும். எண்ணெய்க் கசிவைத் தின்பதற்காகச் செய்த நுண் ரொபோக்களை வில்லன் ஆயுதமாக்கி ஐஸ் கட்டிக்குள் ஒளித்துக் கடத்தப் பார்க்கிறான்.

ஆளை அடிக்கத் தெரிந்த பையனுக்குப் பெண் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேச வராது. அதுதான் பகிடி. ஒரு தடவைக்குச் சிரிக்கலாம். படம் முழுக்க அதையே இழுத்தால் என்ன செய்வது? மேலதிகாரியாக வரும் பெண்ணுக்கு மாட்டிவிட்ட உடுப்பும், அதை வைத்து வரும் ஜாடைப் பேச்சும் அம்மாயி பக்கத்தில் குந்தியிருக்கும்போது நெளிய வைக்கிறது. நான் ரிமோட்டைத் தேடினேன். தாத்தா எழும்பி இஸ்தோப்புக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். தமிழில் சொல்லிக்கொண்டு வந்த பெரியவன் சில இடங்களில், "சும்மா ஏதோ சொல்றாங்க அம்மாயி" என்று தாண்டிவிட்டான். அவனுக்குப் புரிந்துதான் இருந்தது.

ஒரு நல்ல இடம் இருக்கிறது. பையனுக்கு நட்டலியோடு பழக நேரம் கிடைக்க வேண்டும் என்று சிஐஏ ஆட்களே அவன் வீட்டுப்பாடத்தையும் வீட்டு வேலையையும் செய்து முடிக்கிறார்கள். அதைப் பார்த்த சின்னவள் விறகு அடுக்கவும் ஆள் வருமா என்று கேட்டாள். ஆனால் இந்த ரகசியம் எல்லாம் அவனுக்குத் தனி அறை, கதவு, பூட்டு இருப்பதால் நடக்கிறது. பெரியவன் சரியாகப் பிடித்தான்: "நம்ம லயத்துல ஒருத்தனும் ஸ்பை ஆக முடியாது மாமா. காலையில என்ன கறின்னே ஆறு வீட்டுக்குத் தெரியும்."

மூன்றாம் நாள் ஸ்டோர்ம்பிரேக்கர். அந்தனி ஹொரோவிட்ஸ் 2000இல் எழுதிய நாவல், திரைக்கதையும் அவரே. 14 வயது அலெக்ஸ் ரைடரை வளர்த்தவர் சித்தப்பா. அவர் பாங்கில் வேலை செய்கிறார் என்று பையன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சித்தப்பா செத்துப்போகிறார், விபத்து என்கிறார்கள். பிறகுதான் அவர் பிரித்தானிய உளவு நிறுவனமான எம்ஐ6இன் உளவாளி, பல வருடமாகத் தன்னையும் விளையாட்டு விளையாட்டாக அதற்கே பழக்கியிருக்கிறார் என்று அவனுக்குத் தெரிய வருகிறது. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தது அந்த இடத்தில்.

அலெக்ஸ் வேலைக்கு வர மாட்டேன் என்கிறான். அப்போது எம்ஐ6 சிறப்புப் பிரிவுத் தலைவராக வரும் பில் நைகி கத்தாமல் மிரட்டுகிறார்: உன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்கப் பெண்ணின் விசாவைப் புதுப்பிக்க மாட்டோம். பையன் இறங்கி வந்துவிடுகிறான்.

பெரியவன் இதைத் தமிழில் சொன்னதும் அம்மாயி கேட்டது, "அந்தப் புள்ளய எதுக்கு வெரட்டுறாங்க? அது அங்கதான வேல செய்யுது?"

"தாள் இல்லன்னா அப்பிடித்தான்" என்றார் தாத்தா.

தாத்தாவின் அண்ணன் குடும்பம் எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனது. 1948இல் எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம், 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தது, அதெல்லாம் பெரியவன் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறான். பிரிகிறவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வாங்கிய ரயிலில் அண்ணன் ஏறிய காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பது பாடத்தில் இல்லை. தாத்தா அதைச் சொல்லத் தொடங்கினார். நான் படத்தை நிறுத்தி வைத்தேன். இருபது நிமிடம் போனது. சின்னவள் அதற்குள் தூங்கிவிட்டாள்.

மறுபடி ஓடவிட்டபோது வேல்ஸ் மலையில் மழையிலும் சேற்றிலும் பையனுக்குப் பட்டாளப் பயிற்சி. மிக்கி ரூர்க் நடித்த வில்லன் பிரித்தானியப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இலவசமாகக் கொம்பியூட்டர் கொடுக்கிறான், உள்ளே நோய்க் கிருமி. பெரியவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் பள்ளிக்கும் ஒரு தடவை கொம்பியூட்டர் வந்ததாம், இன்னும் உறையே கழற்றவில்லையாம். "நாங்க எல்லாம் தப்பிச்சிருப்போம்."

சண்டைகள் ஸ்பை கிட்ஸை விட உறைப்பு. ஆட்கள் நிஜமாகவே சாகிறார்கள், அதனால் ஒன்பது வயதுக்கு இது சரிவராது. வில்லன் நடிப்பு வேறு படத்தில் இருந்து தப்பி வந்தது போல இருக்கிறது. லண்டன் தெருவில் குதிரையில் பறக்கும் காட்சி கண்ணுக்கு விருந்து, கதைக்கு அது எதற்கு என்று மட்டும் கேட்கக் கூடாது. சுமார் 40 மில்லியன் டொலர் போட்ட படம் 24 மில்லியன் அளவுகூடத் தாண்டவில்லை, அதோடு அலெக்ஸின் திரைப்பட வாழ்க்கை முடிந்தது. 2020இல் ஓட்டோ ஃபாரன்ட் நடித்து வந்த தொடர் இதைவிட நிதானமானது, இருட்டும் அதிகம். படம் பிடித்த பெரிய பிள்ளைக்குத் தனியாகப் பார்க்க அதைக் கொடுக்கலாம், வீட்டோடு பார்க்க முடியாது.

ஆக, என் தீர்ப்பு. கோடி பேங்க்ஸைப் பிள்ளைகள் தாங்களாகக் கேட்டாலன்றி எடுக்காதீர்கள். 12 வயதுக்கு மேல் இருந்து, பக்கத்தில் பேசத் தயாராக ஒரு பெரியவரும் இருந்தால் ஸ்டோர்ம்பிரேக்கர் போடுங்கள், 93 நிமிடம்தான், நடுவில் நிறுத்தக் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வயதும் ஒரே பாயில் குந்துவதென்றால் ஸ்பை கிட்ஸ். பெரிய பிள்ளை கொஞ்சம் சலித்தாலும் பரவாயில்லை. கோடி பேங்க்ஸ் 102 நிமிடம், ஆறரைக்குப் போட்டால் சீரியலில் போய் இடிக்கும். ஸ்பை கிட்ஸ் 88 நிமிடம். ஆறரைக்குப் போட்டால் எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ரிமோட் அம்மாயி கைக்குப் போய்விடும்.