முடிவு தெரிந்த பின்னும் பார்க்கும் படங்கள்

அமெரிக்க பேஸ்பால் படங்களையும் காதல் நகைச்சுவைப் படங்களையும், குறுந்தகட்டுக் காலத்திலிருந்து ஓடிடி காலம் வரை, பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். முதல் முறை பார்த்த சூட்டோடு எழுதும் விமர்சனத்தில் பிடிபடாத சில விஷயங்கள் இந்த நீண்ட பழக்கத்தில் தெரியவந்தன. கடைசி இன்னிங்ஸில் பந்து வேலியைத் தாண்டும் என்பதும், கடைசிக் காட்சியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பதும் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே தெரிந்த செய்திகள்தாம். ஆகவே மறுபார்வையில் ஒரு படம் நிற்கிறதா, விழுகிறதா என்பது அந்த முடிவு வருவதற்குள் பாத்திரங்கள் எதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் ஏராளமான நேரம் சும்மா கிடக்கும் ஆட்டம் பேஸ்பால். காதல் நகைச்சுவையும் அப்படித்தான், சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லாமல் இரண்டு மணி நேரத்தை ஓட்டும் கலை அது.

இரண்டும் ஒன்றாகவே அமைந்த படம் 1988-இல் வெளிவந்த ‘புல் டர்ஹம்’. அதை எழுதி இயக்கிய ரான் ஷெல்டன், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கீழ்நிலைக் குழுக்களில் ஆடி, உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கை எட்டாமலேயே விலகியவர். அந்த அனுபவத்தின் வாசனை படம் முழுவதும் அடிக்கிறது. கெவின் காஸ்ட்னர் ஏற்ற க்ராஷ் டேவிஸ் என்ற வயதேறிய கேட்சர் (பந்தைப் பிடிப்பவர்), வேகம் மட்டுமே தெரிந்த ஓர் இளம் பிட்சரை (பந்து வீசுபவரை) பக்குவப்படுத்துவதற்காக வட கரோலினாவின் டர்ஹம் நகருக்கு அனுப்பப்படுகிறார். சூசன் சரண்டன் ஏற்ற ஆனி, ஆண்டுதோறும் அணியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் காதலிப்பவள். இதில் எனக்குச் சலிக்காத காட்சி, ஆட்டத்தின் நடுவே பிட்சரின் மேட்டில் வீரர்கள் ஒவ்வொருவராகக் கூடும் காட்சிதான். பிட்சருக்குத் தந்தை பார்வையாளர் வரிசையில் இருக்கிறாரே என்று பதற்றம். இன்னொருவனின் கையுறைக்கு யாரோ சாபம் வைத்துவிட்டார்கள், அதை நீக்க உயிருள்ள சேவல் வேண்டும். சக வீரனின் திருமணத்துக்கு என்ன பரிசு வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என்ன நடக்கிறதென்று பார்க்க ஓடிவரும் பயிற்சியாளர் இத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெழுகுவத்தித் தண்டு நல்ல பரிசு என்று யோசனை சொல்லி அனுப்புகிறார். வசனம் வேகமாக ஓடுவதால் முதல் முறைகளில் பாதிதான் காதில் விழுந்தது. சப்டைட்டிலோடு பார்க்கத் தொடங்கிய பிறகே, அந்த மேட்டில் நின்ற ஒவ்வொருவரும் தத்தம் கவலையைத்தான் பேசுகிறார்கள், ஆட்டத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை என்பது உறைத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். க்ராஷ், கீழ்நிலையான மைனர் லீக்கின் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) சாதனையை முறியடிக்கும் அடி, வேறு எந்தப் படத்திலும் உச்சக்காட்சியாகியிருக்கும். இங்கே அது வேறோர் ஊரில், ஆரவாரமின்றி, சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரானது 1984-இன் ‘தி நேச்சுரல்’. ராபர்ட் ரெட்ஃபோர்ட் அடித்த பந்து மைதான விளக்குகளை உடைத்துத் தீப்பொறி மழையாகப் பொழியும் காட்சி முதல் தடவை மயிர்க்கூச்செறிய வைத்தது உண்மை. ஆனால் படம் முழுவதும் அந்த ஒரு தருணத்துக்காகவே காத்திருப்பதால், அது தெரிந்துவிட்ட பின் எஞ்சுவது அழகான ஒளிப்பதிவு மட்டுமே. பெர்னார்ட் மாலமுட் 1952-இல் எழுதிய மூல நாவலில் நாயகன் கடைசியில் ஆட்டமிழக்கிறான். படம் அதைத் தலைகீழாக்கியது. நாவலை மறுபடி எடுத்துப் படிக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ (1989) என்னிடம் வயதோடு சேர்ந்து மாறிய படம். ஐயோவாவின் சோளக்கொல்லையை அழித்து மைதானம் போடும் விவசாயியிடம் மறைந்த பழைய வீரர்கள் ஆட வரும் கதை, இளமையில் எனக்கு ஒரு மாயக்கதையாகவே இருந்தது. தகவல் பிழைகளைக் கண்டுபிடிப்பதில் ஆர்வம் இருந்த காலத்தில், அவ்வீரர்களில் ஒருவரான, இடக்கையால் மட்டை பிடித்த ஷூலெஸ் ஜோ ஜாக்சனை ரே லியோட்டா வலக்கையால் ஆடவைத்துவிட்டார் என்று நண்பர்களிடம் குறைபட்டுக்கொண்டதும் உண்டு. இப்போது என் கவனமெல்லாம் பர்ட் லங்காஸ்டர் நடித்த டாக்டர் கிரஹாம் மீதுதான். ஆர்ச்சி ‘மூன்லைட்’ கிரஹாம் உண்மையில் வாழ்ந்தவர். 1905-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தில் களமிறங்கி, ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளாமல் திரும்பியவர், பின்னர் மினசோட்டாவின் சிஸ்ஹோம் என்ற சிற்றூரில் மருத்துவராகக் காலம் கழித்தவர். படம் அந்த ஆண்டை 1922 என்று மாற்றிக்கொண்டது. தொண்டையில் உணவு சிக்கித் தவிக்கும் சிறுமிக்காக, இளைஞனாக மைதானத்தில் நிற்கும் கிரஹாம் எல்லைக்கோட்டைத் தாண்டி முதிய மருத்துவராக மாறும் இடத்தில், அவர் ஒரு கணம் கோட்டருகே நின்று தயங்குகிறார். தாண்டினால் திரும்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். நாற்பது வயதுக்கு முன் அந்தத் தயக்கம் என் கண்ணில் படவே இல்லை. எல்லோரும் அழும் தந்தை–மகன் இறுதிக் காட்சியைவிட இந்த இடமே என்னை இப்போது தொந்தரவு செய்கிறது.

1943-இல் தொடங்கி 1954 வரை நடந்த மகளிர் தொழில்முறை லீக்கைப் பற்றிய ‘எ லீக் ஆஃப் தெயர் ஓன்’ (1992), எங்கள் வீட்டில் தீராத வழக்கொன்றை உருவாக்கிய படம். இறுதி ஆட்டத்தில் ஜீனா டேவிஸ் ஏற்ற அக்காள், எதிரணியில் ஆடும் தங்கை வந்து மோதும்போது பந்தைத் தவறவிட்டாளா, வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாளா? விட்டுக்கொடுத்தாள் என்பது என் கட்சி. அப்படிச் சொல்வது தங்கையின் திறமையை அவமதிப்பது என்பது என் மனைவியின் கட்சி. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, கையையும் பந்தையும் உற்றுப் பார்க்கிறோம். இயக்குநர் பென்னி மார்ஷல் இருவருக்கும் போதுமான சாட்சியம் வைத்திருக்கிறார். எல்லைக்கு வெளியே நிற்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி, உருண்டுவந்த பந்தை எடுத்து வெகுதூரம் வீசிவிட்டுத் தலையசைத்துப் போகும் சில நொடிகளுக்கும் வசனமே கிடையாது. அந்த லீக் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்த பிறகு, அந்த வீச்சு முன்பைவிட வலிக்கிறது.

‘மனிபால்’ (2011) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2002-இல் ஓக்லண்ட் அணி தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை வென்ற கதையில், 11–0 என்ற முன்னிலை 11–11 ஆகக் கரைந்து ஸ்காட் ஹாட்டபெர்க்கின் அடியால் மீண்டது அப்படியே நடந்த செய்தி. ஆயினும் அவ்வாண்டின் சிறந்த பிட்சருக்கான விருதை பாரி ஜிட்டோவும், மதிப்புமிக்க வீரர் விருதை மிகுவெல் தேஹாடாவும் அதே அணியிலிருந்து வென்றதைப் படம் பொருட்படுத்தாததால், புள்ளிவிவரம் பார்த்துக் குறைந்த செலவில் சேர்த்த வீரர்களே வெற்றி தந்தார்கள் என்ற அதன் வாதம் மறுபார்வையில் சற்று நொண்டுகிறது. தொலைபேசியில் வீரர்களை வாங்கி விற்கும் காட்சி மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் சுவை குறையாதது.

காதல் படங்களுக்கு வந்தால், ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ (1993) படத்தில் பேஸ்பாலுக்கும் ஒரு பங்கு இருப்பது வெகு நாள் கழித்தே என் கண்ணில் பட்டது. தாயை இழந்த சிறுவன் தந்தைக்கு மனைவி தேடி வானொலியில் பேச, வந்து குவியும் கடிதங்களில் ஆனி என்ற பெண்ணின் கடிதத்தை அவன் பொறுக்கி எடுப்பதற்குக் காரணம், ப்ரூக்ஸ் ராபின்சனைப் பற்றி அவளும் அவன் தந்தையும் ஒரே கருத்து கொண்டிருப்பதுதான். 23 பருவங்களும் பால்டிமோருக்கே ஆடிய மூன்றாம் பேஸ் வீரரை ஒரு பால்டிமோர் பெண் போற்றுவதில் வியப்பில்லை. அதை விதியின் அடையாளமாகச் சிறுவன் எடுத்துக்கொள்வதில்தான் இயக்குநர் நோரா எஃப்ரானின் குறும்பு இருக்கிறது. நாயகனும் நாயகியும் ஒன்றாகத் தோன்றும் நேரம் சில நிமிடங்களே என்பதால் படம் இளைத்துப்போகும் என்று எதிர்பார்த்தேன், இளைக்கவில்லை.

எஃப்ரான் எழுதி ராப் ரெய்னர் இயக்கிய ‘வென் ஹாரி மெட் சாலி’ (1989) இன்னும் உறுதியானது. மனைவி தன்னை விட்டுப் போகும் கதையை ஹாரி நண்பனிடம் சொல்வது ஓர் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில். கூட்டம் அலை அலையாக எழுந்து அமரும்போதெல்லாம் இருவரும் முகத்தைத் தொங்கவிட்டபடியே எழுந்து கையைத் தூக்கி அமர்கிறார்கள். துக்கத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் வேறெந்தப் படத்திலும் கண்டதில்லை.

காலம் கடுமையாக நடத்திய படம் ‘யூ’வ் காட் மெயில்’ (1998). டயல்-அப் ஓசை பழையதாகிவிட்டதைப் பற்றி எனக்குக் குறையில்லை. தன் தாய் நடத்திய புத்தகக் கடையை மூடவைத்தவனையே நாயகி ஏற்றுக்கொள்வது, பார்க்கப் பார்க்க உறுத்துகிறது. மூலமான 1940-ஆம் ஆண்டு லூபிட்ஷ் படத்தில் இருவரும் புடாபெஸ்ட்டின் ஒரே கடையில் வேலை பார்ப்பவர்கள். அங்கே காதலர்களில் ஒருவர் மற்றவர் பிழைப்பைக் கெடுப்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் மூலத்தையே போட்டுப் பார்க்கிறேன்.

கடைசியாக ‘ஃபீவர் பிட்ச்’ (2005). பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிப் பித்தன் ஒருவனைக் காதலிக்கும் பெண்ணின் கதையான இதில், அணி வழக்கம்போலத் தோற்கும் என்று நம்பித்தான் முடிவு எழுதப்பட்டிருந்தது. 2004-இல் அந்த அணி, யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்ற பிறகு அடுத்த நான்கையும் வென்று, 86 ஆண்டுகளுக்குப் பின் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் கைப்பற்றியது. படக்குழு செயின்ட் லூயிஸுக்கு விரைந்து, உண்மையான வெற்றிக் கொண்டாட்டத்தின் நடுவே நடிகர்களை ஓடவிட்டு முடிவை மாற்றிக்கொண்டது. நாயகி ஆட்டத்தின் நடுவில் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடும் காட்சியை இப்போது தாண்டிச் சென்றுவிடுகிறேன். பருவம் முழுவதும் அதே இருக்கைகளில் வந்து அமரும் அக்கம்பக்கத்து ரசிகர்கள், அணி தோற்ற வரலாற்றைப் புதிதாக வந்தவளுக்கு ஆளுக்கொரு துண்டாக ஒப்பிக்கும் இடத்தை மட்டும் சில சமயம் இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்ப்பதுண்டு.