வால்வில் வீணான அழுத்தம்: ஒரு தீவு ஆர்.ஓ. ஆலையின் அனுபவம்

மாலத்தீவின் விடுதித் தீவு ஒன்றில் நான் பராமரிக்கும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. ஆலை சிறியது. நாளொன்றுக்குச் சுமார் 50,000 லிட்டர். மின்சாரம் முழுக்க டீசல் ஜெனரேட்டரில் வருகிறது. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றரை யூனிட் கிடைத்தாலே மகிழ்ச்சி. ஆகவே குடிநீர்க் கணக்கும் டீசல் கணக்கும் இங்கே ஒன்றுதான்.

முன்பு ஆயிரம் லிட்டருக்கு 6 யூனிட்டுக்கு மேல் செலவானது. உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வு வழியே கடல்நீரைத் தள்ள வேண்டும். அதை எதிர்க்கும் சவ்வூடுபரவல் அழுத்தமே ஏறத்தாழ 27 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). அதை மீறி நல்ல நீரைப் பிரிக்க 55 முதல் 60 பார் வேண்டும். 100 லிட்டரை அவ்வளவு அழுத்தத்துக்கு ஏற்றி, 35 லிட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 65 லிட்டர் உப்புக் கழிவுநீரின் அழுத்தத்தை வால்வில் கொன்று கடலில் விட்டோம்.

இப்போது அந்த வால்வின் வேலையை அழுத்த மாற்றி செய்கிறது. உள்ளே சுழலும் பீங்கான் உருளையில் கழிவுநீர் தன் அழுத்தத்தைப் புதிய கடல்நீருக்கு நேரடியாகக் கொடுத்துவிடுகிறது. உயரழுத்தப் பம்பு ஏறக்குறைய நல்ல நீரின் அளவுக்குத் தள்ளினால் போதும். பழைய பல அடுக்குப் பம்புக்குப் பதில் சிறிய பிஸ்டன் பம்பு வைத்தோம். இந்த அளவில் பிஸ்டன் பம்புதான் திறன் மிக்கது. செலவு 3 யூனிட்டை ஒட்டி நிற்கிறது.

எனக்கு வியப்பு தந்தது வேறு. முன்பு கடல்நீரிலிருந்து முடிந்தவரை அதிக நீரைப் பிழிவதே சிக்கனம். கழிவின் அழுத்தம் திரும்பி வரும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது: கொஞ்சம் குறைவாகப் பிழிந்தால் சவ்வின் கடல்நீர்ப் பக்கம் உப்பு அடர்வது குறைகிறது, அழுத்தமும் இறங்குகிறது, சவ்வும் அழுக்காவது தாமதமாகிறது. பழைய ஆட்களுக்கு இதை நம்பவைக்கத்தான் பாடுபட்டேன்.

குறைகளும் உண்டு. காதடைப்பான் இல்லாமல் இந்தக் கருவிகளின் அருகில் நிற்க முடியாது. கழிவுநீர் சிறிது கலப்பதால் சவ்வுக்குப் போகும் நீரில் உப்பு சற்றே கூடுகிறது. பிஸ்டன் பம்புக்குக் கடல்நீரே உயவு, எண்ணெய் கிடையாது. மணல் துகள் புகுந்தால் தேய்ந்துவிடும். வடிகட்டியை மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அலைவெண் மாற்றியும் பொருத்தினோம். பம்பு மெதுவாகக் கிளம்புகிறது, மின்சார மிச்சம் பெரிதாக இல்லை.

மலிவான மின்சாரம் கிடைத்து, நாளில் ஓரிரு மணி நேரமே ஆலை ஓடும் இடத்தில் அழுத்த மாற்றியின் விலை திரும்ப வருமா என்பது எனக்குச் சந்தேகம். டீசலில் நாள் முழுக்க ஓட்டுபவர்கள் சவ்வை மாற்றும் முன் இதை வாங்கலாம்.