ஜி.எச்., காப்பீட்டு அட்டை, இ.எஸ்.ஐ.: தமிழ்நாட்டில் யாருக்கு எது இலவசம், மற்றவர்கள் எவ்வளவு கட்ட வேண்டும்?

“அஞ்சு லட்சம் கார்டு இருக்கு, கவலையில்லை” என்று சொல்லும் வீட்டிலேயே மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்குப் பணம் கரைந்துகொண்டிருக்கும். அந்த மாத்திரைக்கு அந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஒரு பைசா தராது. எந்த வழி சிறந்தது என்று பார்க்க உச்சவரம்புத் தொகையை ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் வீட்டுச் செலவு ஓ.பி.யில் போகிறதா, படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சையில் போகிறதா என்பதில்தான் விடை இருக்கிறது.

அரசு மருத்துவமனை

இங்கே தகுதி என்ற கேள்வியே இல்லை. ஓ.பி. சீட்டு போட வருமானச் சான்று கேட்பதில்லை. லட்சாதிபதியும் வரிசையில் நின்றால் இலவசம்தான். மருந்துகளை 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. நாள்பட்ட நோய்க்கு இதற்கு இணையான ஏற்பாடு வேறில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை என்றால் 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக மாத்திரை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

ஆனால் எல்லாமே இலவசம் என்று நினைத்துப் போனால் ஸ்கேன் கவுன்டரில் தடுமாற வேண்டியிருக்கும். சி.டி.க்கு ₹500, எம்.ஆர்.ஐ.க்கு ₹2,500 என்பது நெடுநாளாக இருக்கும் அடிப்படைக் கட்டணம். சாய ஊசி போட்டு எடுத்தால் கூடும். காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தப் பணம் கட்ட வேண்டியதில்லை. தனி அறை வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் கட்டண வார்டு உண்டு. மற்றபடி இங்கே கொடுக்கும் விலை நேரம்தான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

குடும்ப ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருக்க வேண்டும் (2022-க்கு முன் ₹72,000). கட்டணம் ஏதுமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை; ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு இணைந்தே நடக்கிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

வாங்கும் முறை எளிது. குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் பெயர்களில்தான். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையில் இருக்கும். ஆதாரில் “முருகேசன்”, குடும்ப அட்டையில் “முருகேஷ்” என்றிருக்கும். இவற்றை உடம்பு நன்றாக இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு தாலுகா அலுவலகத்துக்கு ஆள் அனுப்புவது கொடுமை.

₹5 லட்சத்தை உங்கள் பெயரில் போட்ட பணமாகக் கருதக் கூடாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று பேக்கேஜ் தொகை முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனை ஆவணங்களை அனுப்பி முன் அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சை. அவசரம் என்றால் தொலைபேசி வழியாகவும் அனுமதி கேட்கலாம். தனியார் மருத்துவமனையில் நீங்களே பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு ரசீதை நீட்டினால் திரும்பக் கிடைக்காது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று: திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனை எல்லாத் துறைக்கும் பட்டியலில் இருக்கும் என்பதில்லை. எலும்பு சிகிச்சைக்கு மட்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் இதய சிகிச்சைக்கு அட்டை செல்லாது. “கார்டு எடுப்பீங்களா?” என்று பொதுவாகக் கேட்காமல், “இந்த ஆபரேஷனுக்கு எடுப்பீங்களா?” என்று கேளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.

ஜி.எச்.சுக்குப் போகும்போதும் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். “அங்கேதான் எல்லாம் சும்மாவாச்சே” என்று பலர் வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். மூட்டு மாற்று, ஸ்டென்ட் போன்ற விலை கூடிய பொருள்களுக்கு அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் பணம் கோருகிறது. அட்டை இருந்தால் வேலை சீக்கிரம் நகரும்.

இ.எஸ்.ஐ.

தொழிலாளர்களுக்கான இந்த அரசுக் காப்பீடு தானமில்லை, சந்தா கட்டிப் பெறும் உரிமை. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் மாதச் சம்பளம் ₹21,000 வரை (மாற்றுத்திறனாளிக்கு ₹25,000) வாங்குபவர் தானாகவே இதில் வந்துவிடுவார். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். ₹18,000 சம்பளக்காரருக்குப் பிடித்தம் ₹135, நிறுவனம் போடுவது ₹585. இதற்கு ஓ.பி., மாத்திரை, படுக்கை எல்லாம் குடும்பத்தோடு கிடைக்கும். பெற்றோரையும் சேர்க்கலாம், அவர்கள் வருமானம் மாதம் ₹9,000-ஐத் தாண்டக் கூடாது. நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை வரும். மற்ற இரண்டு வழிகளிலும் இது கிடையாது.

கோளாறு எங்கே நடக்கிறது? ஜூனில் சம்பளம் ₹21,000-ஐத் தாண்டியதும் கணக்குப் பிரிவு பிடித்தத்தை நிறுத்திவிடும். அது தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். நடுவில் சம்பளம் ஏறினாலும் செப்டம்பர் முடியும் வரை பிடிக்க வேண்டும். அதில் 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால் அடுத்த ஆண்டு ஜூன் வரை வைத்தியம் உண்டு. ஓவர்டைம் பணம் ₹21,000 வரம்புக்குக் கணக்கில்லை, சந்தாவுக்கு மட்டும் கணக்கு. வேலை மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டுவிட்டால் சந்தா நாள்கள் இரண்டாகப் பிரிந்து, இரண்டு எண்ணிலும் தகுதி எட்டாமல் போகலாம்.

ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு ₹120 கட்டித் தனக்கும் துணைக்கும் வைத்தியத்தைத் தொடரலாம். இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. இவ்வளவு மலிவாக வேறு எதுவும் இல்லை.

நடுவில் சிக்கிக்கொண்டவர்கள்

எட்டுப் பேர் வேலை செய்யும் கடையில் மாதம் ₹15,000 வாங்குபவரைப் பாருங்கள். ஆண்டுக்கு ₹1,80,000, முதலமைச்சர் அட்டைக்கு வருமானம் அதிகம். ஆள் எண்ணிக்கை குறைவு, இ.எஸ்.ஐ.யும் இல்லை. இவருக்கு மிஞ்சுவது ஜி.எச்., அல்லது சொந்தப் பணத்தில் தனியார் பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சிறு ஆறுதல். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. சர்க்கரையை மறைத்துப் பாலிசி எடுத்தால் பணம் கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

வீட்டில் 70 வயது நிரம்பியவர் இருந்தால், 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பு இல்லை. ஆதாரில் உள்ள வயதே சான்று. வீட்டில் உள்ள 70 வயது நிரம்பியவர்களுக்கென்று ₹5 லட்சம். சேரப்போகும் மருத்துவமனையில் இந்த அட்டைக்கு அனுமதி எடுக்கிறார்களா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சாலை விபத்து மட்டும் தனிக் கணக்கு. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், அவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் ஆனாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரம் இலவசம். அது முடிந்ததும் காப்பீட்டு அட்டை உள்ளவர் அங்கேயே தொடரலாம்; இல்லாதவருக்கு மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். அட்டை இல்லையென்றால், ஜி.எச்.சுக்கு மாற்றலாமா, மாற்றும் நிலையில் உடம்பு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டாம் நாள் காலையிலேயே.